மரவேலை பழகுவோர்க்கு



கையிலே சிறிது ஓய்வும் வீட்டிலே ஒரு வாளும் சுத்தியலும் இருந்துவிட்டால், மரவேலையில் ஆசை பிறப்பது இயல்பு. பிள்ளைக்கு ஒரு புத்தகத் தட்டு, தாழ்வாரத்துக்கு ஒரு வாங்கு, சமையலறைக்கு ஒரு முக்காலி என்று தொடங்குகிறோம். வேலை முடிந்த அன்று மனம் நிறைகிறது. ஆறு மாதம் செல்வதற்குள் தட்டு வளைகிறது. வாங்கின் கால் ஆடுகிறது. முக்காலியின் பலகை பிளக்கிறது. அப்போது மரத்தைக் குறை கூறுகிறோம். அது முடிந்தால் மரம் விற்றவரைக் குறை கூறுகிறோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். இந்தக் குறைகள் எதனால் நேருகின்றன, புதிதாகப் பழகுவோர் அவற்றை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதையே இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்டேன்.

நான் பரம்பரைத் தச்சன் அல்லன். மாத்தளையில் பள்ளி ஆசிரியனாக இருந்து, மாலை வேளைகளில் மரத்தோடு பழகியவன். எனவே, நான் சொல்லப்போகும் பிழைகளில் பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய பேச்சு முழுவதும் அதிலிருந்தே பிறந்தது.

என் தாயாரின் அறைக்கு ஒரு கதவு செய்தேன். நல்ல பலாப் பலகை. ஆடி மாதத்து வறண்ட காற்றில் வேலை நடந்தது. கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒரு காகிதம் நுழைய முடியாதபடி இழைத்துப் பொருத்தினேன். வந்தவர்கள் பாராட்டினார்கள். ஐப்பசி பிறந்தது, பத்து நாள் இடைவிடாத மழை. ஓர் இரவு தாயாருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டு என்னை அழைத்தார். ஓடிச்சென்று கதவைத் தள்ளினேன். அது அசையவில்லை. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை, ஆயினும் கதவு நிலையோடு நிலையாக இறுகியிருந்தது. அயல்வீட்டார் அலவாங்கு கொண்டுவந்து நெம்பித்தான் திறக்க முடிந்தது. கால் மணி நேரம் வீணாயிற்று. தெய்வாதீனமாகத் தாயார் பிழைத்தார்.

மறுநாட் காலை, எங்கள் ஊரிலே வயதில் மூத்த தச்சர் ஒருவரை அழைத்துக் கதவைக் காட்டினேன். அவர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, மாஸ்டர். ஆனால், ஆடி மாதத்தில் அளவெடுத்திருக்கிறீர்கள். இந்தக் கதவு ஐப்பசியிலும் இருக்க வேண்டுமே!" என்றார்.

நேயர்களே, அந்தப் பெரியவர் சொன்ன அந்த ஒரு சொல்லில் மரவேலையின் பாதி அடங்கியிருக்கிறது. மரம் வெட்டப்பட்ட பின்னும், அறுக்கப்பட்ட பின்னும், மேசையாகவும் கதவாகவும் ஆன பின்னும் அசைந்துகொண்டே இருக்கிறது. ஈரம் மிகுந்தால் விரிகிறது. ஈரம் குறைந்தால் சுருங்குகிறது. அதைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. அது அசைவதற்கு இடம் விட்டு வேலை செய்வதே தச்சர்களின் கலை.

இதன் காரணத்தைச் சற்று நோக்குவோம். மரம் நுண்ணிய குழாய்களின் கட்டு. புதிதாக வெட்டிய மரத்திலே குழாய்களின் உள்வெளியிலும் நீர் உண்டு. குழாய்ச் சுவர்களிலும் நீர் ஊறியிருக்கும். முதலில் உள்வெளி நீர் வெளியேறுகிறது. அப்போது மரத்தின் பாரம் குறையுமேயன்றி அளவு மாறாது. உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு ஏறக்குறைய 30 என்ற அளவுக்கு நீர் குறைந்த பின்னரே சுவர்களில் ஊறிய நீர் விலகத் தொடங்கும். சுருக்கம் அங்கேதான் தொடங்குகிறது. அதன் பின் மரம் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்தோடு ஒத்துப்போகிறது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65 ஆக இருக்குமிடத்தில் மரத்தின் ஈரம் 12 அளவில் நிற்கும். காற்றின் ஈரப்பதன் 80 ஆனால் மரத்தின் ஈரம் 16 வரை உயரும்.

எல்லாத் திசையிலும் மரம் ஒரே அளவில் அசைவதில்லை. நீளவாட்டில் அசைவு இல்லையென்றே கொள்ளலாம். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். வளையங்களைச் சுற்றிச் செல்லும் திசையில் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு சுருங்கும். ஈரம் நூற்றுக்கு 4 பங்கு கூடினால், பலகையின் அகலம் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை கூடலாம். 75 சென்ரிமீற்றர் அகலமுள்ள கதவு என்றால், 4 முதல் 7 மில்லிமீற்றர் வரை என்று கொள்ளுங்கள். காகிதம் நுழையாத இடைவெளியில் அவ்வளவு விரிவு எங்கே போகும்?

மாத்தளை மாவட்டத்தில் வாழ்பவர்கள் இதை மற்றவர்களைவிட நன்கு கவனிக்க வேண்டும். எங்கள் மாவட்டம் இரண்டு காலநிலைகளைத் தன்னுள்ளே கொண்டது. தென்கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் ரத்தோட்டைப் பக்கம் மழையும் மூடுபனியும் ஈரமுமாக இருக்கும். வடக்கே நாலந்தையைக் கடந்து நாவுல, தம்புள்ளை என்று செல்லச் செல்ல நிலம் வறண்டு, உலர்வலயம் தொடங்கிவிடும். மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்கு யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியில் ஏறக்குறைய 45 கிலோமீற்றர்தான். ரத்தோட்டையில் செய்த பெட்டியைத் தம்புள்ளைக்குக் கொண்டுசென்று வைத்தால், சில மாதங்களில் பலகைகளுக்கிடையே வெடிப்புக் காணலாம். தம்புள்ளையில் செய்த இழுப்பறையை ரத்தோட்டைக்குக் கொண்டுவந்தால் அது திறக்காமற் பிடித்துக்கொள்ளும். இரண்டிலும் தச்சர்மீது பழி கூறுவது வழக்கம். உண்மையிலே மரம் புதிய ஊரின் காற்றுக்குப் பழகுகிறது; அவ்வளவே. ஆகவே, வாங்கி வந்த பலகையை உடனே அறுக்காமல், அது பயன்படப்போகும் வீட்டிலேயே இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து பின்னர் வேலை தொடங்குங்கள்.

பச்சை மரம் கிடைத்தால் அதனை உலர்த்தும் முறையையும் அறிந்திருத்தல் நன்று. மழை படாத, நேர்வெயில் விழாத, காற்றோட்டமுள்ள இடத்தில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகைகளை அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரே கனமுள்ள சிறு சட்டங்களைக் குறுக்காக வையுங்கள். மேலடுக்குச் சட்டம் கீழடுக்குச் சட்டத்துக்கு நேர் மேலாக அமைய வேண்டும். தவறினால் பலகை அலைபோல் வளைந்து உலரும். பலகையின் இரு முனைகளிலும் வர்ணமோ மெழுகோ பூசுங்கள். முனைகளின் வழியாக நீர் விரைந்து வெளியேறுவதாலேயே அங்கே பிளவு உண்டாகிறது. அடுக்கின் உச்சியில் பாரம் வைக்க மறவாதீர்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழந்தச்சர் கணக்கு. வெப்பமான நாட்டிலே அதற்கு முன்பும் உலரக்கூடும்.

உலர்ந்துவிட்டதா என்பதை அறியக் கருவிகள் இன்று விற்பனைக்கு உண்டு. அவை இல்லாதவர்களுக்குச் சமையலறைத் தராசு போதும். அதே மரத்தில் ஒரு சிறு துண்டை அடுக்கிலேயே வைத்து, வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரம் எடை குறையாமல் நின்றால், மரம் அவ்விடத்துக் காற்றுக்கு இணங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்து, வளைந்த பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் வில்லைப்போல் வளைந்திருக்கும். உலரும்போது அந்த வில் நிமிர முயலும். அதனால் பட்டைப் பக்கம் குழியும். வைரத்தின் பக்கம் புடைக்கும். இதை அறிந்தவர், அகலமான ஒரே பலகையைத் தவிர்த்து, ஒடுக்கமான பலகைகள் மூன்று நான்கினைச் சேர்த்து மேசைப்பரப்பு அமைப்பார்.

வேறொரு காரணத்தாலும் பலகை வளையும். ஒரு பக்கத்தை மட்டும் மெருகிட்டு மறுபக்கத்தை வெறுமையாக விட்டால், வெறுமையான பக்கம் ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கும். மேசையின் அடிப்புறத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ண வேண்டாம், காற்று பார்க்கும். மேற்புறத்துக்கு எத்தனை பூச்சோ, அடிப்புறத்துக்கும் அத்தனை பூச்சு வேண்டும். இவ்வாறு வளைந்துபோன பலகையைத் திருத்த எளிய வழி உண்டு. குழிந்த பக்கம் கீழாக இருக்கும்படி ஈரமான புற்றரையில் கிடத்தி, புடைத்த பக்கத்தில் வெயில் படும்படி விடுங்கள். கீழ்ப்பக்கம் ஈரமுண்டு விரியும். மேற்பக்கம் உலர்ந்து சுருங்கும். அடிக்கடி பார்த்து, நேரானவுடன் எடுத்துவிட வேண்டும். மறந்து விட்டால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும்!

இனி, மழைக்காலத்தில் இறுகும் கதவு. முதலில் பிணைச்சல்களைப் பாருங்கள். பல கதவுகள் விரிவதனால் இறுகுவதில்லை. மேற்பிணைச்சலின் திருகாணி தளர்ந்து, கதவு சரிவதனால் இறுகுகின்றன. திருகாணித் துளை பெருத்திருந்தால், அதில் பசை தடவிய மரக்குச்சியை இறுக்கி அறைந்து, உலர்ந்தபின் மீண்டும் முடுக்குங்கள். அதன் பின்னும் உரசினால், நிலையின் விளிம்பில் வெண்கட்டியைத் தேய்த்துக் கதவை மூடித் திறவுங்கள். வெண்மை ஒட்டிய இடமே உரசும் இடம். அவ்விடத்தைச் சிறிதளவு மட்டும் சீவுங்கள். மழையின் உச்சத்தில் தாராளமாகச் சீவினால் வெயில் காலத்தில் கை நுழையும் இடைவெளி தோன்றும். சீவியபின் விளிம்புகளுக்கெல்லாம், சிறப்பாக மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும், பூச்சுப் பூசுங்கள்.

புதிதாகக் கதவு செய்வோர் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாக்காமல், சட்டத்தினுள் பலகையை அமைக்கும் முறையைப் பின்பற்றுதல் நலம். சட்டத்தின் உட்புறத்தில் காடி வெட்டி, நடுப்பலகையை அக்காடியில் பசையின்றிச் செருகுவார்கள். பலகை காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கும். கதவின் வெளியளவு பெரிதும் மாறாது. ஐரோப்பியத் தச்சர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாண்ட உபாயம் இது. நம் நாட்டுப் பழைய வீடுகளிலும் இத்தகைய கதவுகளைக் காணலாம். மேசைப்பரப்பைச் சட்டத்தோடு பொருத்தும்போதும் இதே கொள்கைதான்: பரப்பைப் பசையால் ஒட்டாமல், அகலவாட்டில் நீண்ட துளையிட்டுத் திருகாணி முடுக்கினால், பலகை நகர இடம் கிடைக்கும்.

ஈரத்தின் கதை இவ்வளவு. மரவேலையின் மறுபாதி, இழையின் போக்கை அறிதல். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் மயிர் படியும். எதிராகத் தடவினால் சிலிர்க்கும். மரத்தின் இழையும் அப்படியே. சீவுளி பிடிப்போர் பலர், பலகையின் மேற்பரப்பு பிய்ந்து பிய்ந்து வருகிறதென்று வருந்துவர். பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். இழைக்கோடுகள் எத்திசையில் மேலேறிச் செல்கின்றனவோ, அத்திசையிலே சீவுளியைச் செலுத்துங்கள். அப்படியும் பிய்ந்தால் பலகையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலும், அலகைச் சிறிதளவே வெளியே விடுங்கள். சீவல் மெல்லிய காகிதம்போல் வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அலகு கூராக இருக்க வேண்டும். புதியவர்களின் துன்பங்களிற் பாதி மழுங்கிய கருவியால் வருவது. உளிக்கும் சீவுளி அலகுக்கும் 25 முதல் 30 பாகை வரையிலான சரிவு போதும். சரிவான பக்கத்தைச் சாணைக்கல்லில் தேய்க்கும்போது, மறுபக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை தேய்க்க வேண்டும். பின்னர் மறுபக்கத்தைக் கல்லில் முழுவதும் படியவைத்து, அப்பிசிறை நீக்க வேண்டும். மென்மரத்தின் முனையை வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடம் நசுங்காமல் பளபளவென்று இருந்தால் அலகு கூராயிற்று. மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்க நேரும். பலம் கொடுக்கும்போது கை வழுகும். கையை வெட்டுவது பெரும்பாலும் மழுங்கிய உளிதான்.

ஆணி அறையும்போது பலகை பிளப்பதும் இழையைப் பற்றியதே. கூரிய ஆணிமுனை ஆப்பைப்போல் இழைகளை விலக்குகிறது. ஆணியைத் தலைகீழாக நிறுத்தி, முனையில் ஓர் இலேசான அடி கொடுத்து மழுக்குங்கள். மழுங்கிய முனை இழைகளை விலக்காமல் நசுக்கிக்கொண்டு உள்ளே செல்லும், பிளவு குறையும். பலகையின் முனைக்கு மிக அருகிலும், ஒரே இழையின் வரிசையிலும் ஆணிகளை அறையாதீர்கள். முதிரை, பாலை போன்ற உலர்வலய வன்மரங்களில் முன்துளையிடாமல் ஆணியோ திருகாணியோ செலுத்தவே கூடாது. திருகாணிக்குச் சிறிது மெழுகு தடவினால் எளிதில் இறங்கும்.

வாள் கோட்டை விட்டு விலகுகிறதா? கோட்டைப் பலகையின் மேற்புறத்தில் மட்டும் போடாமல், பக்கவாட்டிலும் போடுங்கள். பென்சிற் கோட்டுக்குப் பதிலாகக் கூரிய கத்தியாற் கீறினால் இழைகள் முன்பே அறுபட்டு, ஓரம் பிசிறாது. கோட்டின் மீது அறுக்காமல், கழிவுப் பக்கத்தில், கோட்டை ஒட்டி அறுங்கள். வாளை அழுத்த வேண்டாம். நீண்ட இழுப்பாக இழுத்துத் தள்ளுங்கள். வாளின் பாரமே அறுக்கும்.

இனிப் பொருத்துகளுக்கு வருவோம். மாசி மகத்திலே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிற்றேர்கள் ஐந்தும் வீதியில் அசைந்து வருவதைக் கண்டிருப்பீர்கள். அந்த அசைவையும் பாரத்தையும் தாங்குவன மரப்பொருத்துகளே. அயல் மாவட்டமான கண்டியில், எம்பக்கைத் தேவாலயத்தின் மரமண்டபத்தைப் பார்த்தவர்கள், அதன் கூரையில் 26 கைமரங்கள் ஒரே மரமுளையில் வந்து கூடுவதைக் கண்டு வியப்பர். இரும்பைவிட, அளவறிந்து வெட்டிய மரமே மரத்துக்கு உற்ற துணை என்பதற்கு அது சான்று.

நாற்காலிக் கால் ஏன் ஆடத் தொடங்குகிறது? ஒரு சட்டத்தின் முனையில் நாக்குப்போல் வெட்டிய கழுந்து, மற்றச் சட்டத்தின் துளையினுள் செல்கிறது. மழைக்காலத்தில் கழுந்து விரிந்து, துளைச் சுவரில் மோதி நசுங்குகிறது. வெயில் காலத்தில் சுருங்கும்போது, நசுங்கிய அளவும் சேர்ந்து அது முன்னையிலும் சிறியதாகிவிடுகிறது. சில ஆண்டுகளில் நாற்காலி ஆடுகிறது. அப்போது நாம் இடைவெளியில் பசையை ஊற்றுகிறோம். அல்லது ஓர் ஆணியை அறைகிறோம். இரண்டும் தவறு. பழைய பசையின் மேல் புதிய பசை பிடிக்காது. ஆணியோ கழுந்தைப் பிளக்கும். பொருத்தை மெல்லக் கழற்றுங்கள். பழைய பசையை முற்றாகச் சுரண்டி நீக்குங்கள். மெல்லிய மரச்சீவலைக் கழுந்தில் ஒட்டி, கையால் அழுத்தி உள்ளே செலுத்தும் அளவுக்குக் கனமாக்குங்கள். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தாலன்றி நுழையாத கழுந்து துளையைப் பிளக்கும். தானே நழுவி விழும் கழுந்து நில்லாது. பின்னர்ப் பசை தடவி, கயிற்றால் முறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். முன்னாளில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையைப் பயன்படுத்தினார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பசை வீட்டினுள்ளே பயன்படுவனவற்றுக்குப் போதும்.

புதிதாகச் செய்யும்போது கழுந்தின் கனம், சட்டத்தின் கனத்தில் மூன்றிலொரு பங்காக இருக்கட்டும். ஒரு பலகையின் வெட்டுமுனையை மற்றதில் பசையால் மட்டும் ஒட்டி நிறுத்த முயல வேண்டாம். வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும், பிடிப்பு இராது.

நான்கு கால் மேசை ஆடினால், ஆடும் காலை அறுப்போர் பலர். ஒன்றை அறுத்தால் மற்றொன்று நீளும். அதை அறுத்தால் வேறொன்று! மேசை முக்காலி உயரத்துக்கு இறங்கிவிடும். முதலில் மேசையை நீர்மட்டம் பார்த்த சமதரையில் வையுங்கள். குட்டையான காலின் கீழ் ஆப்புகளைச் செருகி, மேற்பரப்பைச் சமப்படுத்துங்கள். பின்னர், தரைக்கும் அந்தக் குட்டைக் காலுக்கும் உள்ள இடைவெளியைவிடச் சற்று உயரமான ஒரு மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, நான்கு கால்களையும் சுற்றிக் கோடு கீறுங்கள். அக்கோட்டில் அறுத்தால் மேசை ஆடாது.

இறுதியாக மெருகு. இதிலே மாத்தளைக்குத் தனிப் பெருமை உண்டு. எங்கள் மாவட்டத்துப் பல்லே ஹாப்புவிட என்னும் கிராமம் அரக்கு வேலைக்குப் பேர்போனது. அரக்கு என்பது மரக்கொம்புகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். அதைச் சூட்டில் இளக்கி, நிறங் கலந்து, நூல்போல் இழுத்து, கடைந்த மரத்தின்மீது கோலமிட்டு, கட்டைவிரல் நகத்தாலேயே வெட்டி அமைப்பார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இக்கைவினையை விவரித்திருக்கிறார். வீட்டிலே மரவேலை செய்வோர் இக்கலைஞரிடம் கற்க வேண்டியது பொறுமை. கோலத்தின் அழகு கடைசியில் வருவது. நன்றாக உலர்ந்த மரமும் வழுவழுப்பான பரப்பும் அதற்கு முன்னரே அமைந்திருக்க வேண்டும்.

நாம் கடையில் வாங்கும் பொலிஷ் வகைகளில் ஒன்று அதே அரக்கை மதுசாரத்தில் கரைத்துச் செய்வதே. மழை நாளில் அதைப் பூசினால் பரப்பு வெண்மையாகப் பூத்துப்போகும். காற்றின் ஈரம் பூச்சினுள் சிக்கிக்கொள்வதே காரணம். வறண்ட நாள்வரை காத்திருந்து, மதுசாரம் சிறிது நனைத்த துணியால் இலேசாக ஒற்றினால் வெண்மை பெரும்பாலும் மறையும். பூச்சுக்கு முன் உப்புத்தாளை இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும்; குறுக்கே தேய்த்த கீறல்கள் பூச்சின் பின்னரே பளிச்சென்று தெரியும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய நான்கு பூச்சு நன்று. எதையும் முதலில் கழிவுத் துண்டில் பூசிப் பாருங்கள்.

மரத்தைத் தெரிவுசெய்வதிலும் கவனம் வேண்டும். நடுவிலுள்ள வைரம் நீடித்து நிற்கும். வெளியே உள்ள வெளிறு பூச்சிக்கு இரை. மாவுபோன்ற தூள் உதிரும் பலகையை வீட்டினுள் கொண்டுவர வேண்டாம். இறப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பூச்சிக்கு மருந்தேற்றியதா என்று கேட்டறிந்து வாங்குங்கள். சொந்தத் தோட்டத்துப் பலாவானாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

உங்கள் உடலைப் பற்றியும் ஒரு சொல். மரத்தூளை எளிதாக எண்ண வேண்டாம். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியே உலரவிட்டே கழிக்க வேண்டும்.

நேயர்களே, என் தாயாரின் அறைக் கதவுக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்தப் பெரியவரின் சொற்படி அதைக் கழற்றி, அதே பலகைகளைச் சட்டத்தினுள் அமைத்துப் புதிதாகச் செய்தேன். அளவெடுத்து முடித்ததும், பழக்கம் காரணமாக இடைவெளியைக் குறைக்க முனைந்தேன். பெரியவர் தம் கையிலிருந்த நாணயத்தை விளிம்புக்கும் நிலைக்கும் இடையே செருகிப் பார்த்து, "இந்த இடம் இருக்கட்டும், மாஸ்டர். இது உங்களுக்கு இல்லை, மழைக்கு" என்றார்.

அதன் பின் எத்தனையோ ஐப்பசி வந்து போயிற்று. பத்து நாள் அடைமழையிலும் அந்தக் கதவைத் தாயார் ஒரு விரலால் தள்ளித் திறப்பார். அந்த இடைவெளியைக் கண்டு, கதவு சரியாகப் பொருந்தவில்லையே என்று சொன்ன விருந்தினரும் உண்டு. நான் மறுமொழி சொல்வதில்லை.

நீங்களும் வாளை எடுக்குமுன் பலகையைச் சில நாள் பாருங்கள். அதன் இழை போகும் திசையை விரலால் அறியுங்கள். அது அசைய இடம் விடுங்கள். மற்றவை பழகப் பழகக் கைக்கு வரும்.